வன்னிப் பாதைகளில் மின்-மவுண்டன் சைக்கிள்: பற்றரியைக் கணக்குப் பார்த்து ஓடுவது எப்படி

பெட்டியில் 100 கிலோமீற்றர் என்று அச்சடித்திருப்பதை நம்பி முத்தையன்கட்டுப் பக்கமோ வவுனிக்குளத்துப் பக்கமோ காட்டுப்பாதையில் இறங்க வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் தட்டையான வீதியில், காற்றில்லாத நேரத்தில், மோட்டரின் ஆகக் குறைந்த உதவியோடு எடுத்தது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் இன்னொரு பிரச்சினை: எத்தனை மீற்றர் ஏற்றம் என்பதை வைத்தே தூரம் சொல்வார்கள். வன்னியில் ஏறுவதற்கு மலை இல்லை. ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால், குளக்கட்டில் 10 மீற்றர் ஏறுவதற்கு 3 வாற்று மணிகூடத் தேவையில்லை (வாற்று மணி என்பது பற்றரியில் உள்ள மின்சக்தியை அளக்கும் அலகு). இங்கே பற்றரியைக் குடிப்பது மணலும் எதிர்க்காற்றும். அதே 100 கிலோவை தொளதொளத்த மணலில் ஒரு கிலோமீற்றர் நகர்த்த ஏறக்குறைய 27 வாற்று மணி வேண்டும். 100 மீற்றர் உயர மேடொன்றில் ஏறுவதற்கும் அவ்வளவுதான் தேவை.

முதலில் உங்கள் பற்றரியின் கொள்ளளவைப் பாருங்கள். வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் வாற்று மணி வரும். 36 வோல்ற், 14 அம்பியர் மணி என்றால் 504. 48 வோல்ற், 13 அம்பியர் மணி என்றால் 624. இதில் 20 வீதத்தை ஒதுக்கிவிடுங்கள். 504இல் கைக்கு மிஞ்சுவது 403. சில நூறு தடவை சார்ஜ் ஏறிய பழைய பற்றரி என்றால், முதலில் 504ஐயே 400 என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒதுக்குங்கள்.

அடுத்தது உங்கள் வண்டி ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு குடிக்கிறது என்பது. திரையில் தெரியும் கட்டங்களை நம்பி இதை அளக்க முடியாது. முதல் கட்டம் மெதுவாகக் குறையும், கடைசி இரண்டும் சட்டென்று விழும். சுவர்ப் பிளக்கில் மாட்டும் மின்மானி ஒன்று போதும். பற்றரியை முழுதாக ஏற்றுங்கள். நீங்கள் வழமையாக ஓடும் கிரவல் பாதையில் 5 கிலோமீற்றர் போய், அதே வழியால் திரும்புங்கள். போன வழியால் திரும்பினால் காற்றின் சாய்வு பெருமளவு சரிக்கட்டப்படும். பற்றரி ஆறியதும் மின்மானி வழியாகத் திரும்ப முழுதாக ஏற்றுங்கள். மானி 115 வாற்று மணி காட்டினால், சார்ஜர் வெப்பமாக இழப்பதைக் கழிக்க 0.87ஆல் பெருக்குங்கள். 100 வரும். ஆகவே கிலோமீற்றருக்கு 10. மணலுக்கென்று ஒரு தடவை, தார் வீதிக்கென்று ஒரு தடவை இதையே செய்து, மூன்று எண்களையும் எழுதி வையுங்கள்.

நடுத்தர உதவியில் ஓடும் 100 கிலோ பாரத்துக்கு இந்த எண்கள் தார் வீதியில் 7, கிரவலில் 10, மணலில் 28 என்று வந்ததாக வைப்போம். பயணத்தில் தார் 10 கிலோமீற்றர், கிரவல் 12, மணல் 4. கணக்கு 70 + 120 + 112 = 302. தூரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத மணல், பற்றரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறது. 403இல் இன்னும் 101 மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அதைக் காற்று எடுக்கும்.

சோளகக் காலத்தில் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் வெளிக்கிடக் கூடாது. மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓடும்போது முகத்துக்கு நேரே 20 கிலோமீற்றர் காற்று அடித்தால், காற்றுத் தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். கிலோமீற்றருக்கு 11 அல்லது 12 வாற்று மணி கூடுதலாகப் போகும். 10 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் அந்த 101 முடிந்து, ஒதுக்கி வைத்ததிலும் கை வைக்க வேண்டி வரும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும், வெயில் ஏற ஏற உரக்கும். முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்களுக்கு இது வாய்ப்பு: விடியற்காலை அமைதியில் போய், திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிறவர்களுக்கு நேர்மாறு. போகும்போது பற்றரி குறையவே குறையாது, வண்டி நன்றாக ஓடுகிறது என்று நினைப்பீர்கள். திரும்புவது மத்தியானக் காற்றுக்கு எதிரே, குறைந்த பற்றரியோடு. அந்தத் திசையில் போனால் பாதிப் பற்றரியில் திரும்பாமல், 60 வீதம் இருக்கும்போதே திரும்புங்கள். எதிர்க்காற்றில் வேகத்தை 15க்கு இறக்கினால் அந்தக் கூடுதல் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். உதவியைக் கூட்டி 25இல் ஓட நினைப்பதுதான் பலரையும் நடக்க வைக்கிறது.

மணலில் என்ன செய்வது

ரயர்க் காற்றிலிருந்து தொடங்குங்கள். 2.4 முதல் 2.6 அங்குல ரயருக்கு, 100 கிலோ பாரத்தில், கிரவலில் பின்னுக்கு 25, முன்னுக்கு 21 பிஎஸ்ஐ. ரியூப் இல்லாத சில்லென்றால் மணலுக்கு 16 வரை இறக்கலாம். ரயர் பரந்து மணலின் மேலே மிதக்கும். ரியூப் போட்ட சில்லில் 20க்குக் கீழே போக வேண்டாம். வேர் அல்லது கல்லில் இடித்தால் அதற்கும் றிம்முக்கும் நடுவில் ரியூப் நசுங்கி, பாம்புக்கடி மாதிரி இரண்டு துளை விழும். கையடக்கப் பம்பும் காற்றுமானியும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மணல் முடிந்ததும் திரும்ப ஏற்றாவிட்டால் தார் வீதியில் அதே மென்மை பற்றரியைத் தின்னும். நெருஞ்சி முள்ளுக்காக ஒவ்வொரு சில்லுக்கும் 100 முதல் 120 மில்லிலீற்றர் சீலன்ட் (துளையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். எங்கள் வெக்கையில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சில்லைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள், தளும்பும் சத்தம் கேட்காவிட்டால் திரும்ப ஊற்ற வேண்டும்.

மணல் தெரிந்ததுமே, உள்ளே இறங்குவதற்கு முன்னரே, இரண்டு கியர் இளக்கிவிடுங்கள். மணலுக்குள் பாரத்தோடு கியர் மாற்றினால் செயின் அறும். உழக்கு நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று இருக்கட்டும். 50க்குக் கீழே போனால் நடுமோட்டர் (உழக்கும் இடத்தில் பொருத்திய மோட்டர்) அதிக மின்னோட்டம் இழுத்து, அதை வெப்பமாகவே வீணாக்கும். சில்லின் நடுவிலேயே மோட்டர் உள்ள வண்டியில் நிலைமை இன்னும் மோசம்: மணிக்கு 6, 7 கிலோமீற்றர் வேகத்தில் போகும் மின்னில் பெரும் பங்கு சூடாகிவிடும். அப்படி நூறு மீற்றருக்கு மேல் இழுக்க வேண்டுமென்றால் இறங்கி உருட்டுவது மேல். உச்ச உதவி பின் சில்லைக் குழிதோண்ட வைக்கும், நடுத்தர உதவி போதும். உழவு இயந்திரம் அன்று கிளறிவிட்ட தடத்தைவிட நடுவில் புல் பிடித்த திட்டு இறுக்கமாக இருக்கும். பனி ஈரம் காயாத காலை மணலும் அப்படித்தான்.

மணலைச் சுற்றிப் போகலாம் என்று பற்றைக்குள் மட்டும் திரும்பாதீர்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்ணில் படாவிட்டாலும், ஆட்கள் பாவிக்கும் தடத்தை விட்டு விலகக் கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் எல்லா இடமும் முடிந்துவிடவில்லை. 500 மீற்றர் மணலுக்கு 14 வாற்று மணி. அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள். யானை நடமாடும் குளக்கரைகளில் பின்னேரம் பொழுதுபடுமுன் வெளியே வந்துவிட வேண்டும். ஒதுக்கி வைக்கும் 20 வீதத்தில் பாதி இதற்காகத்தான்.

திரையில் 18 வீதம் காட்டும்போதே வண்டி திடீரென்று அணைந்துவிடுகிறது என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் பற்றரியின் உள்தடை. 36 வோல்ற் பற்றரி அந்த நிலையில் ஓய்வில் 35 வோல்ற் அளவில் நிற்கும். மணலில் மோட்டர் 15 அம்பியர் இழுக்கிறது. உள்தடை 0.15 ஓம் என்றால் 2.25 வோல்ற் இறங்கும், பிரச்சினையில்லை. வயது போன பற்றரியில் அது 0.3 ஓம் ஆகும்போது 4.5 வோல்ற் இறங்கி, காப்புச் சுற்று வெட்டும் எல்லையைத் தொடும். அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, ஈக்கோவில் (ஆகக் குறைந்த உதவியில்) போட்டால் பெரும்பாலும் திரும்ப ஓடும். ஆனால் அந்தப் பற்றரியை வைத்துத் தூரப் பயணம் இனி வேண்டாம்.

இரண்டாவது பற்றரி வாங்கலாமா? மலைநாட்டில் 3 கிலோ கூடுதல் பாரம் ஒவ்வொரு ஏற்றத்திலும் தெரியும். இங்கே தட்டை நிலத்தில் அது 3 வீதம் கூடுதல் செலவு, அவ்வளவுதான். காசு இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் சார்ஜரைப் பையில் போடுங்கள். 4 அம்பியர் சார்ஜர் தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலத்தில் 75 வாற்று மணியளவு ஏற்றும். கிரவலில் அது 7 கிலோமீற்றர். கடைக்காரரிடம் கேட்டு, கரண்டுக் காசையும் கொடுங்கள்.

மாரியில் கணக்கு வேறு. செம்மண் சேறு ரயருக்கும் முன் கவைக்கும் இடையில் அப்பி, சில்லு சுற்றவே மறுக்கும், கிரவலின் 10 என்பது 15 ஆகிவிடும். ஒரு தடியால் வழித்து எறிந்துவிட்டுப் போங்கள். குளம் வான் பாயும் இடத்தில் ஓடும் தண்ணீரைக் கடக்க வேண்டாம்; மோட்டரின் நீர்க்காப்பு மழைக்கானது, மூழ்குவதற்கல்ல.

வீட்டுக்கு வந்ததும் சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். பற்றரியைக் கழற்றி, தகரக் கொட்டிலில் அல்ல, வீட்டுக்குள் நிழலில் ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். தொட்டால் கைச்சூட்டைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. அடுத்த ஓட்டம் ஒரு கிழமைக்குப் பின்னர் என்றால் 50, 60 வீதத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் போகும் நாளுக்கு முதல் இரவு ஏற்றுங்கள். 2 அம்பியர் சார்ஜரில் 504 வாற்று மணிப் பற்றரியின் மிச்சப் பாதிக்கு மூன்றரை மணித்தியாலம் வரை பிடிக்கும்.