போல்ட் மூடாத தோட்டா

டெக்சாஸில் வார இறுதியில் ஏஆர்-15 என்ற அரைத்தானியங்கித் துப்பாக்கியால் 200 கஜத்தில் இலக்கு சுடுவேன். சுட்ட பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புவேன். போன மாதம் பத்துக்கு இரண்டு தோட்டா துப்பாக்கி அறையில் முழுசாக உட்காரவில்லை. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் அரைகுறையாக நின்றது, குண்டுகளும் சிதறின. வெடிமருந்தைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை எடை போட்டேன். வீண் வேலை.

கூட்டின் அளவு சரியா என்று காட்டும் கேஜில் அதைப் போட்டுப் பார்த்தேன். விளிம்பு துருத்திக்கொண்டு நகத்தில் தட்டுப்பட்டது. போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் பழைய போல்ட்-ஆக்ஷன் துப்பாக்கிப் பழக்கத்தில், குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கியிருக்கிறேன்! அரைத்தானியங்கிக்கு முழுக் கூட்டையும் இறுக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளை 0.003 அங்குலமாவது பின்தள்ள வேண்டும். கூட்டை இறுக்கும் அச்சான டையின் ஒரு சுற்றே 0.071 அங்குலம், அதனால் மயிரிழை மயிரிழையாக இறக்கினேன், ஒவ்வொரு தடவையும் அளந்தபடி. நேற்று 50 தோட்டாவும் தடங்கலின்றிப் போயின.