மலைக்குக் கமரா கொண்டு போகும் கொழும்புக்காரருக்கு

என் மலைப் பயணம் வெள்ளவத்தையில், அலமாரிக்குள்ளேயே தொடங்கிவிடும். கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். முதல் பெரிய லென்ஸை அப்படித்தான் இழந்தேன். உலர்பெட்டி வாங்க வசதியில்லையா? இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, நிறைய சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறீர்கள் என்றால் முந்தைய இரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிஸ்கட், பாண் எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்து டப்பாவில் போடுங்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே நின்று பிரித்துக்கொண்டிருந்தால் காலை வெளிச்சம் போய்விடும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உலக முடிவு என்னும் செங்குத்து மலை விளிம்பை மூடுபனி மூடிவிடும். பற்றரிகளைச் சட்டையின் உள் பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும். பனிக்குள் கமரா படத்தை இருட்டாக்கும், ஆகவே ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் மரைகள் மனிதரிடம் வந்து நிற்கும். அருகில் வருகிறதே என்று பாண் துண்டை நீட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கைத்தீனிக்குப் பழகிய மரை உறையையும் சேர்த்து விழுங்கும். நல்ல படம் வேண்டுமென்றால் புல்வெளி ஓரத்தில் உட்காருங்கள். மரை மேய்ந்து மேய்ந்து தானாக வரும். ஒரு மணி நேரமானாலும் காத்திருக்கலாம்.

இனி, எனக்குப் பிடித்த விஷயம். பாசி மூடிய மரங்களில், கண் மட்டத்தில் தேடுங்கள். மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று அசையாமல் இருக்கும். சிங்களத்தில் அங் கட்டுஸ்ஸா என்பார்கள். நம் மத்திய மலைநாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. மெதுவாக நகரும் பிராணி, ஆகவே பிடிப்பது சுலபம். அதுதான் அதற்கு ஆபத்து. நல்ல கிளைக்கு மாற்றி வைக்க வேண்டாம், மறைக்கும் இலையை ஒடிக்கவும் வேண்டாம். ஃப்ளாஷ் இல்லாமல் முக்காலி வைத்து, ஐஎஸ்ஓ 1600 வரை ஏற்றி, பக்க வெளிச்சத்தில் எடுங்கள். கொம்பின் விளிம்பு பிரகாசமாகத் தெரியும்.

இந்த ஓணான்களை வளர்ப்புக்காகக் கடத்தி விற்கிறார்கள். 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் காட்டுயிர்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) மாநாட்டில், இலங்கையின் கொம்பு ஓணான்களின் சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனாலும் மரம் எங்கே என்று சொல்லித் தருவது நம் படமாக இருந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் நானும் இடத்தோடு சேர்த்துத்தான் படங்களைப் பகிர்ந்தேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். ஹக்கலயில் ஒரு பறவையை வெளியே வரவழைக்க, அதன் குரலைத் தொலைபேசியில் போட்டேன். இருபது நிமிடம் அது இரை தேடாமல் கிளைக்குக் கிளை அலைந்தது. கூட வந்த தோட்டத்து அண்ணன் சொன்னார்: "தம்பி, வேற ஆள் வந்துட்டான்னு நெனச்சுச் சண்டைக்கு நிக்குதுங்க. பாவம், சாப்பிட விடுங்க." குரலை நிறுத்தினேன். அதன்பின் போட்டதே இல்லை. குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போங்கள். காஷ்மீரிலிருந்து வரும் ஈப்பிடிப்பான் அங்கே தங்கும். நடைபாதையில் சும்மா நின்றாலே போதும்.

காடு ஏன் முக்கியம் என்று கேட்கும் கொழும்பு நண்பர்களுக்குக் குழாயைத்தான் காட்டுவேன். அதில் வரும் நீரைத் தரும் களனி கங்கையின் தலை ஊற்றுகள் அந்த மலைகளில்தான் இருக்கின்றன. பாசி பிடித்த மரங்கள் மேகத்திலிருந்து நீரை வடித்து மண்ணுக்குள் விடுகின்றன. சமவெளியில் வெள்ளெலும்பு போல நிற்கும் பட்ட மரங்களையும் எடுங்கள். அழகில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதே இடத்தில் மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடக்கும் முட்புதர் கோர்ஸ், வெளிநாட்டிலிருந்து வந்து நம் புல்லை விழுங்குவது. அந்தப் படத்தைப் பகிரும்போது அதையும் எழுதுங்கள்.

தேயிலைத் தோட்ட ஓரங்களில் நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டியது. சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு போயும் பிழைக்கவில்லை. மாட்டிய விலங்கைக் கண்டால் கமராவை எடுக்காதீர்கள், கிட்டவும் போகாதீர்கள். ஆள் கூட்டம் கண்டால் அது இழுத்து இழுத்துக் கம்பியை இன்னும் இறுக்கிக்கொள்ளும். 1992க்கு அழையுங்கள், வனசீவராசிகள் திணைக்களத்தின் எண். தோட்டத்து மனிதர்களிடம் கோபப்படவும் வேண்டாம். மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் அழித்துவிடும், அவர்கள் கஷ்டம் உண்மை. உட்கார்ந்து பேசுங்கள், பெரும்பாலும் தேத்தண்ணீர் தருவார்கள்.

வீடு திரும்பியதும் பையை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொழும்புக் காற்று பட்டால் நீர் கோத்துவிடும். இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்தில் தொலைபேசியில் எடுத்த படங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் இடக் குறிப்பை நீக்குங்கள்.