இருபதுகளில் முடி கொட்டுதா? எண்ணெய் வாங்க முன்னம் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். இருபது, இருபத்தைந்து வயதுப் பொடியன்கள் வந்து முதலில் இருமலுக்கு ஏதாவது கேட்பார்கள். பக்கத்தில் ஆள் விலகியதும் குரலைத் தணித்து, "அண்ணா, முடி கொட்டுறதுக்கு மருந்து இருக்கா?" என்பார்கள். இருக்கிறது. ஆனால் எந்த வகை உதிர்வு என்று தெரியாமல் போத்தலை நீட்டினால் காசுதான் கரையும்.

படி 1: எந்த இடம் குறைகிறது என்று பாருங்கள்

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். சீப்பில் இருப்பதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

நெற்றியின் இரண்டு மூலையும் ஏறி, உச்சி மெலிந்து, பிடரிப் பக்கம் மட்டும் அடர்த்தியாக நின்றால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. உடம்பு டெஸ்டோஸ்டிரோனிலிருந்து டிஎச்டி என்ற ஹோர்மோனைச் செய்கிறது. அதைத் தாங்காத வேர்கள் சுருங்கிச் சுருங்கி, வரவர மெல்லிய, குட்டையான முடியையே விடும். "அப்பாவுக்குத் தலை நிறைய முடி இருக்கே" என்பவர்கள் அம்மாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டாரிலிருந்து வருபவர்கள் அந்த நாட்டுத் தண்ணீரைத் திட்டுவார்கள். ஊரில் இருப்பவர்கள் கிணற்றையும் ஹெல்மெட்டையும் திட்டுவார்கள். தண்ணீரால் முடி வறளும், முறியும். அதனால் நெற்றி ஏறாது.

தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக வந்தால் இரண்டு, மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். கடும் காய்ச்சலா, ஒப்பரேஷனா, அவசரமாக உடம்பைக் குறைத்தீர்களா? மாரியில் டெங்கு வந்து எழும்பியவர்கள் பங்குனி, சித்திரையில் தலையைப் பிடித்துக்கொண்டு வருவது இதனால்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும்.

காசு வட்டத்தில் வழுவழுவென்று ஒரு இடம் மட்டும் போனால் புழுவெட்டாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவதால் வருவது அது. சீழ், வலி, செதில், தழும்பு இருந்தாலும் சரி, பாமசிக்கு வராமல் நேரே தோல் வைத்தியரிடம் போங்கள். தழும்பு விழுந்த வேர் திரும்ப முளைக்காது.

படி 2: போட்டோவும் டொக்டரும்

மாதம் ஒருமுறை, அதே இடம், அதே வெளிச்சம், காய்ந்த தலை: நெற்றி, உச்சி இரண்டையும் போனில் எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்பினால் ஒரு நாள் சந்தோசம், மறுநாள் துக்கம்.

வகை புரியாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ காட்டுங்கள். தேவை என்றால் இரும்புச் சத்து, தைரொய்ட் சோதனை எழுதுவார்கள். அப்போது பயோட்டின் குளிசை போடுகிறவராக இருந்தால் சொல்லிவிடுங்கள்; கூடிய அளவில் எடுத்தால் தைரொய்ட் முடிவையே பிழையாகக் காட்டும்.

படி 3: மினொக்சிடில்

பரம்பரை வழுக்கை என்று உறுதியானால் முதல் மருந்து இது. இரத்த அழுத்தத்துக்குக் குளிசையாக வந்தது. உடம்பில் முடி வளர்வதைக் கண்டு பிறகு தலைக்குப் பூசும் மருந்தாக்கினார்கள். ஆகவே இருதய வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீதக் கரைசல், ஒரு தடவைக்கு 1 மில்லிலீட்டர், காலையும் இரவும். 60 மில்லிலீட்டர் போத்தல் சரியாக 30 நாளுக்கு வரும். மாதச் செலவை இப்போதே கணக்குப் பாருங்கள்.

தலை காய்ந்திருக்க வேண்டும். முடியை வகிடு பிரித்து, சொட்டுக் குழாயால் தோலில் விடுங்கள், முடியில் அல்ல. விரல் நுனியால் பரப்பிவிட்டுக் கையைக் கழுவுங்கள். நெற்றியில் வழிந்தால் உடனே துடையுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் முடி வரும். காய்வதற்குள் ஹெல்மெட் போடுவதும் தலையணையில் படுப்பதும் கூடாது. நாலு மணித்தியாலத்துக்குக் கல்லடிக் கடலிலும் குளிக்க வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் கவனம், இந்த மருந்து அதற்குக் கடும் நஞ்சு.

அப்புறம் முதல் இரண்டு மாதத்தில் இன்னும் கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி இடம் விடுகிறது, அவ்வளவுதான். பாதிப்பேர் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். பலன் தெரிய நாலு மாதமாவது எடுக்கும், முழுமையாகப் பார்க்க ஒரு வருடம். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைதான். தொடர்ந்து பூச மனமில்லாதவர்கள் தொடங்காமலே விடலாம், அதுவும் ஒரு நல்ல முடிவு. கடும் அரிப்பு என்றால் நுரை வடிவத்துக்கு மாறிப் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலோ கால் வீங்கினாலோ நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

படி 4: பினாஸ்டெரைட் குளிசை

டிஎச்டியைக் குறைப்பது இது. நாளுக்கு 1 மில்லிகிராம், டொக்டரின் துண்டோடு மட்டும். உள்ள முடியைக் காப்பாற்றுவதில் இதுதான் பலமானது என்பது என் அபிப்பிராயம். ஒரு சிலருக்குப் பாலியல் ஆசை குறையலாம், விறைப்பில் பிரச்சினை வரலாம், மனச்சோர்வும் வரலாம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும்; சிலருக்கு நீடித்ததாகவும் பதிவாகியுள்ளது. இதை வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள்.

புரொஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் இதே மருந்தின் 5 மில்லிகிராம் குளிசையை வாங்கி வீட்டில் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூளைக் கர்ப்பிணி தொட்டால் வயிற்றில் உள்ள ஆண் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். இரத்ததான முகாமுக்குப் போனாலும் இந்தக் குளிசை எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.

படி 5: எண்ணெய், ஊசி, நாற்று

செவ்வரத்தை, கரிசலாங்கண்ணி எண்ணெய் முடியை மினுக்கும், தாராளமாகப் பூசலாம். வழுக்கையை நிறுத்தும் என்று நம்பி ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள். பேஸ்புக்கில் விற்கும் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல்களைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

சொந்த இரத்தத்தின் தட்டணுக்களைத் தலையில் ஏற்றும் பிஆர்பி ஊசிக்கு ஆதாரம் கலவையானது, செலவு அதிகம்.

முடி நடுவது பிடரி முடியை எடுத்து முன்னே வைப்பது. பிடரியில் இருப்பு அளவானது. இருபது வயதில் நெற்றியை நிரப்பிவிட்டால், பின்னால் உச்சி போகும்போது எடுக்க மிச்சம் இருக்காது. நட்ட முடியும் சில கிழமையில் கொட்டிவிட்டு, மூன்று நாலு மாதத்துக்குப் பிறகுதான் முளைக்கும். சுற்றியிருக்கும் பழைய முடி தொடர்ந்து போகும் என்பதால் மருந்தையும் விட முடியாது. "நட்ட பிறகு மருந்து வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் முற்பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.