இன்று எத்தனை முழம் பூ?

நெல்லையப்பர் கோயில் வாசலில் மல்லிகை விற்பவர் ஒருவர் சராசரி விற்பனையைப் பார்த்துக் கொள்முதல் செய்கிறார் என்று வைப்போம். அது தப்புக் கணக்கு. பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1888இல் வங்கியின் ரொக்கக் கையிருப்புக்குப் போட்ட கணக்குதான் இங்கே பொருந்தும்: பணமோ பூவோ, குறைந்தாலும் நட்டம், மீந்தாலும் நட்டம்.

முழத்துக்கு அடக்கம் 12 ரூபாய், விலை 20 என்று வைப்போம். பூ பற்றாமல் போனால் கைவிட்டுப் போகும் லாபம் 8. மீந்து வாடினால் நட்டம் 12. எட்டை, எட்டும் பன்னிரண்டும் கூடிய இருபதால் வகுத்தால் விகிதம் 0.4. கடந்த 30 நாள் தேவையைச் சிறியதிலிருந்து வரிசையாக எழுதுங்கள். 30 × 0.4 = 12; பன்னிரண்டாவது எண்தான் எடுக்க வேண்டிய அளவு. மீந்ததை ராத்திரி 5 ரூபாய்க்குத் தள்ள முடிந்தால் நட்டம் 7 தான். விகிதம் 8/15; 30 × 8/15 = 16, பதினாறாவது எண்.

பெரும்பாலும் கெடுவது கணக்கு நோட்டில்தான். ஏழு மணிக்கே தீர்ந்த நாளில் எழுதியிருப்பது விற்பனை, தேவை அல்ல. தீர்ந்த நேரத்தைக் குறித்து, பிறகு கேட்டு வந்தவர்களையும் கூட்டுங்கள். இதை விட்டால் எடுக்கும் அளவு மாதாமாதம் தானாகச் சுருங்கும். வெள்ளிக்கிழமைக்கும் ஆனித் தேரோட்டத்துக்கும் தனிப் பட்டியல் வேண்டும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து, விலை ஏறாமல் அடக்கம் மட்டும் 16 ஆனால், மீந்ததும் விற்காவிட்டால், விகிதம் 0.2, ஆறாவது எண்ணோடு நிறுத்துங்கள்.