இங்கிலாந்து ஊற்றுகளில் நீர் பிடிக்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில், மலைச்சரிவுகளிலும் தேவாலயங்களின் அருகிலும் பாதையோரக் கல்தொட்டிகளிலும் இயற்கை ஊற்று நீர் இன்றும் வழிந்துகொண்டிருக்கிறது. அங்கு நடைபயணமாகச் சென்று ஒரு கை அள்ளிக் குடிப்பவர்களும் உண்டு. காரின் பின்புறம் நிறையக் கேன்களை அடுக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பிடித்துச் செல்பவர்களும் உண்டு. இரு சாராரும் செய்யும் முதல் தவறு, கண்ணை நம்பி நீரை மதிப்பிடுவது. வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பது தண்ணீருக்கும் பொருந்தும்: ஈ.கோலை கிருமியோ நைட்ரேட்டோ கலந்த நீரும் பளிங்கு போலத்தான் இருக்கும்.

ஊற்றின் பெயரை நம்புவது அடுத்த தவறு. வூஸ்டர்ஷயரின் மால்வர்ன் மலை நீரை 18ஆம் நூற்றாண்டில் ஜான் வால் என்ற மருத்துவர் ஆராய்ந்து, அதில் தாது உப்புகள் ஏறத்தாழ இல்லை என்று கண்டார். அந்தத் தூய்மையே அதன் புகழுக்குக் காரணமாயிற்று. ஆனால் உப்பு இல்லை என்பதற்கும் கிருமி இல்லை என்பதற்கும் தொடர்பில்லை. அந்த மலைகளின் மேல் பெய்யும் மழைதான் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி ஊற்றாக வெளிவருகிறது. அதே மலைகளின் மேல் ஆடுமாடுகளும் மேய்கின்றன. எனவே எந்த ஊற்றிலும், ‘கொதிக்க வைத்துக் குடிக்கவும்’ என்ற பலகை இருந்தால், அது வெறும் சம்பிரதாயம் என்று கடந்து போகக் கூடாது.

நீர் எவ்வளவு ஆழத்திலிருந்து, எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு வருகிறது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. எனக்கு இதுவே மிக முக்கியமான கேள்வியாகத் தோன்றுகிறது. டெர்பிஷயரின் பக்ஸ்டன் நகரில், கிரெசன்ட் கட்டடத்துக்கு எதிரே உள்ள புனித ஆன் கிணற்றில் எவரும் இலவசமாக நீர் பிடிக்கலாம். சில்லென்று இருக்கும் என்று கையை நீட்டுபவருக்கு வெதுவெதுப்பான நீர் விழும். முதன்முறை வருபவர்கள் ஏதோ கோளாறு என்று கையை இழுத்துக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது வருவதற்குக் காரணம், பூமிக்கடியில் வெகு ஆழம் வரை இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து மேலே வருவதுதான். அதே மாவட்டத்தில், சுண்ணாம்புப் பாறை வெடிப்பிலிருந்து வயலோரத்தில் கசியும் ஊற்றோ நேற்றைய மழையை இன்றே வெளியே தள்ளக்கூடும். பெருமழைக்குப் பிறகு ஓர் ஊற்றின் ஓட்டம் திடீரெனப் பெருகினாலோ, நீர் சற்றே கலங்கினாலோ, மேற்பரப்பு நீர் வடிகட்டப்படாமல் அதில் சேர்கிறது என்றே கொள்ள வேண்டும். மேலே மேய்ச்சல் நிலம் இருந்தால், ஆடுகள் குட்டி போடும் வசந்த காலத்தில் கூடுதல் கவனம் தேவை. கன்றுகளும் குட்டிகளும் பரப்பும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் மாத்திரைக்கு அசையாது. கொதிநிலைதான் அதைக் கொல்லும்.

அதற்காக, கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறே. உரமிட்ட வயல்களிலிருந்து சேரும் நைட்ரேட் கொதிக்கும்போது ஆவியாவதில்லை; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது அதற்கான வரம்பு. கைக்குழந்தையின் பால் கலக்க, சோதிக்கப்படாத ஊற்று நீரைப் பயன்படுத்தவே வேண்டாம்.

சூடாக வரும் நீர் தானே கிருமியைக் கொன்றுவிடும் என்று எண்ணுவோர் பாத் நகரை நினைத்துக்கொள்ளட்டும். அங்கே ஊற்று நீர் 46 டிகிரி வெப்பத்தில் பொங்குகிறது. ஆனாலும் அந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி, அதில் இருந்த அமீபாவின் தொற்றால் இறந்ததையடுத்து, 1978இல் அங்கே குளிப்பது நிறுத்தப்பட்டது.

வரைபடத்தில் நீல எழுத்தில் ஊற்று என்று குறித்திருப்பதைக் குடிநீருக்கான சான்றாகக் கொள்வதும், அதைத் தேடிப் பொதுப்பாதையை விட்டுத் தனியார் வயலுக்குள் இறங்குவதும் தவறுகள். பாதையில் நடக்கும் உரிமை, அதன் அருகிலுள்ள நீரை எடுக்கும் உரிமை ஆகாது.

பிடித்த நீரை வீட்டில் எப்படி வைக்கிறோம் என்பதிலும் கோட்டை விடுகிறோம். குளோரின் கலக்காத நீர், வெயில் படும் ஜன்னலோரத்தில் இரண்டு வாரம் இருந்தால் கேனின் உட்புறம் பச்சையாக வழுவழுக்கத் தொடங்கும். என் கேன் ஒன்றில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். கேனை நன்கு கழுவி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. நீர் பிடிக்கும்போது கேனின் வாயைக் குழாய் முனையில் முட்டக் கொடுக்கவும் கூடாது.

கார்ன்வாலின் மாட்ரன் போன்ற புனித ஊற்றுகளில் மரக்கிளைகளில் துணி கட்டும் வழக்கம் உண்டு. துணி மக்க மக்க நோயும் தேயும் என்பது அதன் நம்பிக்கை. அங்கே நைலான் நாடாவைக் கட்டிவிட்டு வருபவர்கள் மரத்தையும் கெடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையின்படியே பார்த்தாலும் அவர்கள் நோய் தேயப் போவதில்லை.