கிடாத் தோலுரிக்க எந்தக் கத்தி வாங்கலாம்? புதிதாகப் பழகுவோருக்கு ஒரு செய்முறை

நான் முதன்முதலாகத் தோலுரித்தது குலசாமி பொங்கலுக்கு வெட்டிய ஒரு செம்மறிக் கிடா. கையில் இருந்தது முனை கூர்மையான நீளச் சூரிக்கத்தி. பார்க்க நல்ல மிடுக்காக இருந்தது. உரித்து முடித்துத் தோலை வியாபாரியிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஏழு இடத்தில் வெளிச்சம் வந்தது. "என்ன கண்ணு, இடியாப்ப அச்சுக்குத் தோல் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத் தோலை அக்கட்டால வீசினார். அன்றைக்குத்தான் தோலுரிக்கிற கத்தி வேறு, கறி வெட்டுகிற கத்தி வேறு என்பது உறைத்தது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். மான், காட்டு முயல், உடும்பு, கீரி எதையும் இங்கே வேட்டையாடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குளிர் நாடுகளில் நரி, மிங்க் போன்றவற்றை ரோமத்துக்காக உரிப்பதற்கென்றே விரல் அகலக் கத்திகள் உண்டு. இணையத்தில் அழகாகத் தெரிகிற பாதிக் கத்திகள் அந்த வகைதான், அல்லது மான் வேட்டைக்காரர்களுக்காக முனையில் கொக்கி வைத்தவை. நமக்கு வேண்டியது வெள்ளாட்டுக்கும் செம்மறிக்குமான கத்தி. வெள்ளாட்டைத் தீயில் வாட்டித் தோலோடு சாப்பிடுகிற வீடு என்றால் இந்தக் கவலையே இல்லை, போய்ச் சட்டியை அடுப்பில் வையுங்கள்.

படி 1: வடிவத்தைப் பாருங்கள்

கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, கீழே இருக்கும்படி ஒரு பலகை மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தொட்டில் மாதிரி ஆடினால் நல்லது. அசையாமல் நேராக உட்கார்ந்துவிட்டால் அது காய் நறுக்கத்தான் ஆகும். வாய் வளைந்திருந்தால், இழுக்கும்போது ஒரு நேரத்தில் கொஞ்ச இடம் மட்டுமே தோலுக்கடியில் உரசும். முனை எங்கும் குத்தாது. நேர் கத்தியில் முனைதான் முதலில் போய்த் தோலைத் தொடும். என் ஏழு ஓட்டையும் அப்படி வந்தவைதான்.

முனை ஊசியாக இல்லாமல், முதுகுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி மழுங்கலாக முடிய வேண்டும். அலகு நான்கிலிருந்து ஐந்து அங்குலம் போதும். இறைச்சிக் கூடங்களில் ஆறு அங்குலக் கத்தி பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஒரு நாளில் எத்தனையோ ஆடு உரிக்கிறவர்கள். நாம் வருசத்துக்கு நாலு கிடா பார்க்கிற ஆட்கள், நீளம் கூடினால் முனை எங்கே போகிறது என்றே தெரியாது. முதுகுக் கனம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும்.

படி 2: இரும்பா, எவர்சில்வரா?

கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பே நடந்த வேலை அது. அப்படிப்பட்ட சீமையில் இருந்துகொண்டு பெட்டியில் வரும் கத்திக்குக் காத்திருப்பானேன் என்பது என் கட்சி. பக்கத்துப் பட்டறைக்குப் போய் லாரி வில்பட்டையில் ஒரு கத்தி அடித்துத் தரச் சொல்லுங்கள். வில்பட்டையில் நூற்றுக்கு அரை பங்குக்குக் கொஞ்சம் மேல் கரி இருக்கும். சரியாகத் துவைச்சல் போட்டால், அதாவது காய்ச்சி முக்கிப் பதம் ஏற்றினால், வாய் நிற்கும், எளிதில் உடையாது, சாணை பிடிப்பதும் சுலபம். துருப் பிடிக்கும் என்பதுதான் ஒரே குறை.

நான் போய்க் கேட்டபோது பட்டறைக்காரர் முதலில் கேட்டது, "ஏனுங்க, தோலுக்கா, எலும்புக்கா?" இரண்டுக்கும் என்றேன். "எலும்புல போட்டீங்கன்னா வாய் பல்லுப் பல்லாப் போயிருமுங்க. அதுக்கு வீட்டுல கொடுவாள் இருக்குமுல்ல?" என்றார். இருந்தது.

எவர்சில்வர் கத்தியில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது இருக்கும், அதனால் துரு அண்டாது. ஆனால் மலிவானவை மெத்தென்று இருக்கும், பாதி ஆட்டிலேயே வாய் மடங்கிவிடும். நான் இணையத்தில் வாங்கிய ஒன்று முதல் கிடாவிலேயே அப்படிப் படுத்துவிட்டது. கறிக்கடைகளில் இரும்பு அறுக்கிற பெரிய ஆக்சா பிளேடைத் தேய்த்துச் செய்த கத்தி பார்க்கலாம். வாய் நன்றாக நிற்கும், ஆனால் மூட்டுக்குள் விட்டுத் திருகினால் படக்கென்று ஒடியும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பிடிக்கு எண்ணெய்ச் சோதனை

அலகைவிடப் பிடியைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். வேலை நேரத்தில் கையெல்லாம் கொழுப்பும் ஈரமும். வழவழப்பான எவர்சில்வர் பிடி அப்போது மீன் மாதிரி நழுவும், கை நழுவி வாயின் மேலேயே ஏறிவிடும். அதனால் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியைப் பிடித்துக் கட்டை விரலால் முன்னே தள்ளிப் பாருங்கள். கை சறுக்கினால் வேண்டாம். பிடியின் முன்பக்கம் விரலைத் தடுக்கிற மாதிரி ஒரு மேடு இருக்க வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடி, ஆணி அடித்து இறுக்கியிருந்தால் ஆடாது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து இருந்தால் அங்கே இரத்தம் போய்ச் சேர்ந்து நாறும்.

படி 4: சாணை

புதுக் கத்தி பெரும்பாலும் முழுக் கூர்மையோடு வருவதில்லை. கல்லில் எவ்வளவு சாய்த்துத் தேய்ப்பது என்று குழம்ப வேண்டாம். ஒரு காகிதத்தின் மூலையை எடுங்கள், அது 90 பாகை. ஒருமுறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்தச் சாய்வைக் கல்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு இரண்டு பக்கமும் சமமாகத் தேயுங்கள். பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எங்காவது வெள்ளையாக மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல். செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுத்தால் போதும். சவரக் கத்தி அளவுக்குத் தீட்டாதீர்கள், அது தோலையும் சேர்த்து அறுத்துவிடும்.

படி 5: முதல் கிடாவில்

ஆட்டைப் பின்னங்காலில் கட்டித் தொங்கவிடுங்கள். கீறும்போது கத்தியின் வாய் மேல்பக்கம் பார்க்கட்டும், தோலுக்கு உள்ளிருந்து வெளியே கீறுங்கள். இப்படிச் செய்தால் மயிர் வெட்டுப்பட்டுக் கறியில் ஒட்டாது. பின்னங்கால் இரண்டிலும் உட்பக்கமாகக் கீறி அடிவயிற்றில் சேர்த்துவிடுங்கள். அதன்பின் கத்தியைக் கீழே வைக்கலாம்.

ஆமாம், கீழேதான். இளம் சூடு இருக்கும்போது தோல் தானே விட்டு வரும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கை முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டு அழுத்துங்கள். நெஞ்சு, கால் மூட்டு, வால் அடி போன்ற ஒட்டிய இடங்களுக்கு மட்டும் கத்தி. அங்கேயும் வாயைத் தோல் பக்கம் திருப்பாமல் உடல் பக்கம் சாய்த்து, வளைவால் தடவுகிற மாதிரி இழுங்கள். கறியில் கீறல் விழுந்தாலும் குழம்பில் யாருக்கும் தெரியாது.

மேச்சேரி இனச் செம்மறித் தோலுக்கு நல்ல பெயர் உண்டு, அதில் ஓட்டை விழுந்தால் வயிறு எரியும். உரித்த தோலைச் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் விரித்து, தோல் எடையில் பாதி அளவுக்குக் கல்லுப்பைத் தூவித் தேய்த்துவிட்டால் ஈரோட்டுப் பக்கம் பதனிடப் போகும் வரை கெடாது.

கடைசியாகக் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரம் பிடித்து அலகில் துரு ஏற்றும். எண்ணெய்த் துணியில் சுற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத பரண் மேல் வைக்கலாம். என் கத்தி அப்பாருடைய பழைய வேட்டிக் கிழிசலில்தான் சுற்றிக் கிடக்கிறது.