படகில் வைக்கும் போர்டு: மின்காந்த இரைச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் கேபினுக்குள் எட்டிப் பாருங்கள். வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், இரண்டு மூன்று எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே பலகையில் நெருக்கியடித்து நிற்கும். புதிதாக ஒரு கருவியை மாட்டியதும் வயர்லெஸ்ஸில் கொரகொரவென்று சத்தம் வரும். இல்லையென்றால் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டவே நேரம் எடுக்கும். புதுக் கருவியில் குறை எதுவும் தெரியாது. அது கக்கும் மின்காந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பதுதான் செத்துப்போகும். நாகர்கோவில் பக்கத்தில் இப்படிப்பட்ட கருவிகளுக்குச் சர்க்யூட் போர்டு வரைகிற மாணவர்களும் சின்னக் குழுக்களும் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதல் தவறு, கிளாக் (சிப்புகளுக்குத் தாளம் போடும் சிக்னல்) வேகம் குறைவு என்பதால் கவலையில்லை என்று நினைப்பது. கிளாக் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பதைவிட, சிக்னல் எவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்குகிறது என்பதுதான் முக்கியம். ஏறும் நேரம் 1 நானோசெகண்ட் என்றால், ஏறத்தாழ 350 மெகாஹெர்ட்ஸ் வரை அதில் நல்ல பலம் இருக்கும். அதற்கு மேலே வேகமாகக் குறையும், ஆனால் ஒரேயடியாக இல்லாமல் போகாது. கிளாக்கைப் பிறப்பிக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எடுத்துக்கொள்வோம், ஈதர்நெட் இருக்கிற போர்டுகளில் சாதாரணமாகப் பார்ப்பதுதான். அதன் 63-ஆவது ஹார்மோனிக், அதாவது 63 மடங்கு அலைவெண், 1575 மெகாஹெர்ட்ஸ். ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42. 63-ஆவது என்றால் துரும்பாகத்தான் இருக்கும், உண்மை. ஆனால் செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சிக்னல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடவே பலவீனமானது. அதன் முன்னால் துரும்பும் மலைதான்.

சரி, 24 மெகாஹெர்ட்ஸ் போடலாமே என்றால், ஜிபிஎஸ்ஸுக்கு நல்லது. அதன் ஹார்மோனிக்குகள் 1560-இலும் 1584-இலும் விழும். ஆனால் இடம் காட்டும் நம் இந்திய நாவிக் அமைப்பின் எல்5 அலைவரிசை 1176.45, 24-ஐ 49-ஆல் பெருக்கினால் 1176. 16 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 160-இல் வயர்லெஸ் செட் பேசும் கடல்சார் விஎச்எஃப் பட்டைக்குள்ளேயே போய் உட்காரும். கிரிஸ்டலை வாங்கும் முன்பே இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சிப்புக்குள் பிஎல்எல் என்ற சர்க்யூட் பெருக்கித் தரும் கிளாக்குகளையும் சேர்த்துப் போட வேண்டும். கணக்கில் முழுதாகத் தப்பிக்கிற கிரிஸ்டல் கிடைப்பது அரிது. எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த டிரேஸில் (போர்டில் கம்பியாக ஓடும் செம்புக் கோட்டில்) கிளாக் புறப்படும் இடத்திலேயே 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து ஏற்றத்தைக் கொஞ்சம் மந்தமாக்கலாம். காசு கணக்கில் இதைவிட மலிவான மருந்து கிடையாது.

இதைவிடப் பெரிய தவறு கிரவுண்டில் நடக்கிறது. மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். உயர் அலைவெண்ணில் அது டிரேஸுக்கு நேர் கீழே, கிரவுண்ட் பிளேனில் (ஒரு லேயர் முழுக்கப் பரப்பிய செம்பில்) ஒட்டிக்கொண்டே திரும்பும். இது தெரிந்தும், அனலாக் கிரவுண்ட் தனி, டிஜிட்டல் கிரவுண்ட் தனி என்று பிளேனை நடுவே வெட்டிவிட்டு, அந்த வெட்டின் மேலேயே வேகமான டிரேஸை ஓட்டுகிறார்கள். குழித்துறைப் பாலத்தை அடைத்தால் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரும் வண்டி ஊரெல்லாம் சுற்றுமே, அந்தக் கதைதான். திரும்பும் மின்னோட்டம் வெட்டைச் சுற்றி வரும்போது வளையத்தின் பரப்பு பெருகும். பரப்புக்கு ஏற்பக் கதிர்வீச்சும் பெருகும். அதோடு பிளேனின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். ஒரு பக்கத்தில் ஒரு கேபிள், மறுபக்கத்தில் இன்னொரு கேபிள் இருந்தால் கையோடு ஒரு ஆன்டெனா செய்து கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான போர்டுகளில் பிளேனை வெட்டவே வேண்டாம். ஒரே முழுப் பிளேன் போட்டு, அனலாக் பாகங்களை ஒரு மூலையிலும் இரைச்சல் பாகங்களை இன்னொரு மூலையிலும் வைத்தாலே போதும். டிரேஸ் ஒரு லேயரிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் வயா (லேயர்களை இணைக்கும் துளை) குத்துவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். டிரேஸ் இறங்கினால் அதன் திரும்பும் மின்னோட்டமும் இறங்க வேண்டும் அல்லவா? சிப்பின் மின்சப்ளையை நிலையாக வைக்கும் டீகப்ளிங் கெப்பாசிட்டரைப் பற்றி ஒரே வரி: சிப்பின் காலுக்கு அருகில், குட்டையான டிரேஸ், வயா உடனே பிளேனுக்கு. கெப்பாசிட்டரை வைத்துவிட்டு இரண்டு சென்டிமீட்டர் டிரேஸ் இழுத்தால் அது அலங்காரத்துக்குத்தான்.

இனி கேபிள். உண்மையில் சண்டை நடப்பது இங்கேதான். போர்டு கையளவுதான், விஎச்எஃப் அலைவரிசையில் அது மோசமான ஆன்டெனா. 156 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.92 மீட்டர், அதில் பாதி ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவு. படகில் கருவிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓடும் கேபிளின் நீளமும் ஏறக்குறைய அதுதான். 50 மெகாஹெர்ட்ஸில், ஒரு மீட்டர் கேபிளில் 5 மைக்ரோஆம்பியர் பொதுமுறை மின்னோட்டம் ஓடினாலே, வீட்டு உபயோகக் கருவிகளுக்கு அமெரிக்காவின் எஃப்சிசி வைத்திருக்கும் வரம்பைத் தொட்டுவிடும். பொதுமுறை என்றால், கேபிளில் உள்ள எல்லாக் கம்பியிலும் ஒரே திசையில் ஓடி, வேறு எங்கோ வழியாகத் திரும்பும் மின்னோட்டம். சர்க்யூட் வரைபடத்தில் அது எங்கேயும் இருக்காது. அதனால்தான் யாரும் தேடுவதில்லை.

கடல் கருவிகளுக்கான ஐஇசி 60945 தரநிலை இன்னும் கறார். 3 மீட்டர் தூரத்தில், 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மற்ற அலைவரிசைகளில் 54 டெசிபெல் என்று விட்டுக்கொடுப்பது, 156 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் 24-க்கு இறங்குகிறது. கணக்கு மைக்ரோவோல்ட்/மீட்டரில். 30 டெசிபெல் இறக்கம் என்றால் புலத்தின் அளவில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கு. காரணம் சும்மா இல்லை. அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் அங்கேதான் இருக்கிறது, கலங்கள் தம் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் 162-ஐ ஒட்டி இருக்கிறது. இந்த வரம்புக்குள் அடங்க, கேபிளில் ஓடலாம் என்று இருக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியரில் சின்னப் பங்குதான்.

ஷீல்டு கேபிள் வாங்கிவிட்டேனே என்பார்கள். வாங்கியது சரி, மாட்டியது எப்படி? கேபிளின் முனையைச் சீவி, ஷீல்டு வலையைப் பிரித்து முறுக்கி, 3 சென்டிமீட்டர் வால் மாதிரி ஆக்கி, அதன் நுனியில் ஒரு பச்சை வயரை சால்டர் செய்து, போர்டின் கிரவுண்ட் பின்னில் குத்தியிருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடிக்கும், பூஜ்யம் ஓம் காட்டும். ஆனால் அந்த 3 சென்டிமீட்டர் வால் 25 நானோஹென்றி அளவுக்கு இன்டக்டன்ஸ். 156 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 25 ஓம். பச்சை வயரையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதைவிட மோசம், வால் போய்ச் சேரும் இடம். போர்டின் கிரவுண்ட் தானே இரைச்சலில் ஆடிக்கொண்டிருக்கும்போது, ஷீல்டை அதில் கட்டினால் ஷீல்டே ஆன்டெனா ஆகிவிடும். வலை முழுவதும், சுற்றளவு முழுக்க, கனெக்டரின் உலோக ஓட்டில் உட்கார வேண்டும். ஓடு பெட்டியின் சுவரில் உட்கார வேண்டும். உலோக ஓடுள்ள கனெக்டரும் கிளாம்பும் கொஞ்சம் விலை கூடுதல்தான். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கனெக்டரிலேயே இன்னொரு கஞ்சத்தனம் உண்டு. இருபது பின்னில் ஒரே ஒரு கிரவுண்ட், அதுவும் ஓரத்தில். பத்தொன்பது சிக்னலும் திரும்ப அந்த ஒரு பின்னைத் தேடி ஓட வேண்டும். வேகமான ஒவ்வொரு சிக்னலுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கொடுங்கள். ரிப்பன் கேபிள் என்றால் ஒன்று விட்டு ஒன்று. அதோடு எல்லாக் கனெக்டரையும் போர்டின் ஒரே விளிம்பில் வையுங்கள். கேபிள்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு வர இடம் குறையும்.

எல்லாம் முடிந்தபின் கேபிளில் ஃபெரைட் (காந்தப் பொருளால் ஆன வளையம்) போட்டுச் சரிசெய்யலாம் என்பது கடைசி நேர நம்பிக்கை. ஃபெரைட் நல்ல பொருள், ஆனால் அது மந்திரம் இல்லை. கேபிளின் பொதுமுறை மின்தடை 150 ஓம் என்று வைத்துக்கொண்டால், 150 ஓம் ஃபெரைட் மாட்டினால் குறைவது 6 டெசிபெல்தான். மேலே சொன்ன 30 டெசிபெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேபிளை அதே வளையத்துக்குள் இன்னொரு சுற்று சுற்றினால் இன்டக்டன்ஸ் நான்கு மடங்காகும், கொஞ்சம் கூட உதவும். போர்டில் பவர் லைனில் வைக்கும் குட்டி ஃபெரைட் பீடுக்கு வேறு சிக்கல்: டிசி மின்னோட்டம் கூடினால் அது திகட்டிப்போய் வேலை செய்யாது. டேட்டா ஷீட்டில் ஆம்பியர் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒன்று பாக்கி. தண்ணீர் புகக்கூடாது என்று அலுமினியப் பெட்டியின் மூடிக்கடியில் ரப்பர் வளையம் வைக்கிறோம். ரப்பர் மின்சாரம் கடத்தாது. மூடி தனி, பெட்டி தனி என்று ஆகிவிடும். அந்த இடுக்கின் பரப்பு முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். ஜிபிஎஸ் அலைவரிசையில் அரை அலைநீளம் 9.5 சென்டிமீட்டர். இரண்டு ஸ்குரூவுக்கு நடுவே அந்த அளவு இடைவெளி இருந்தால் இடுக்கு ஒரு ஆன்டெனா. ரப்பர் வளையத்துக்கு உள்பக்கமாகக் கடத்தும் கேஸ்கெட் ஒன்று வேண்டும், அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டோ அனோடைசிங்கோ இருக்கக் கூடாது. அப்படி வெறுமையாக விட்ட அலுமினியத்தை உப்புக்காற்று தின்றுவிடும், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ பக்கத்தில் இன்னும் வேகமாக. அதனால் கடத்தும் பூச்சு கொடுத்த அலுமினியம், அதற்கு ஒத்துப்போகும் கேஸ்கெட், எல்லாம் ரப்பருக்கு உள்ளே. புதிதாக இருக்கும்போது பாஸான பெட்டி, ஒரு பருவமழைக்குப் பிறகு இரைய ஆரம்பிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் துரு பிடித்த மூட்டுதான்.

சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் மின்காந்தச் சோதனை வசதி இருக்கிறது, ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அங்கே போய்த்தான் தவறைக் கண்டுபிடிப்போம் என்று இருக்காதீர்கள். மலிவான எஸ்டிஆர் டாங்கிளும் (கம்ப்யூட்டரில் செருகும் ரேடியோ ரிசீவர்), கோஆக்ஸ் துண்டை வளைத்துச் செய்த சின்ன வளையமும் இருந்தால் மேசையிலேயே இரைச்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்று மோப்பம் பிடித்துவிடலாம். இன்னும் எளிது: வயர்லெஸ் செட்டை 16-ஆம் சேனலில் கேட்க மட்டும் வைத்து, இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு, உங்கள் கருவியின் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் விழுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். சென்னைக்குக் கிளம்பும்போது, படகில் உண்மையிலேயே ஓடப்போகும் அதே நீளக் கேபிள்களை எடுத்துப் போங்கள். மேசையில் கிடந்த அரை அடி வயரோடு போய் வாங்கிய பாஸ், முட்டம் துறைமுகத்தில் செல்லாது.